உற்பத்தித்திறன்

'உற்பத்தி' வடசொல். தோன்றுதல், பிறத்தல் என்பதே அதன் முதற்பொருள். பொருள்களை ஆக்குதல் என்பது பின்னால் ஏறிய பொருள். அதோடு 'திறன்' சேர்ந்த இந்தக் கலைச்சொல்லில் எடை முழுவதும் பின்பாதியில் இருக்கிறது. பேச்சிலோ முன்பாதியே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிறையச் செய்தால் திறன் கூடிவிட்டது என்கிறோம். உண்மையில் உற்பத்தித்திறன் என்பது விளைவை இடுபொருளால் வகுத்துக் காணும் விகிதம். மதுரை செல்லூரின் விசைத்தறியை வைத்தே இதைச் சோதிக்கலாம். நிமிடத்துக்கு 120 ஊடை (குறுக்கு நூல்) போடும் தறி, நிற்காமல் ஓடினால் மணிக்கு 7,200 ஊடை போடும். அங்குலத்துக்கு 48 ஊடை என்றால் 150 அங்குலத் துணி இறங்கும். 40 என்று குறைத்தால் 180. தறி, ஆள், மின்சாரம் எல்லாம் அதேதான். நீளம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடி, துணி தளர்ந்துவிட்டது. இதைத் திறன் என்பது கண்கட்டு.

நெசவுக் கூலியே மீட்டர் கணக்கில்தானே, வேறு அளவு எதற்கு என்று கேட்கலாம். கூலிக்கு மீட்டர் போதும். ஆனால் துணியின் அடக்கவிலையில் பெரும்பங்கு நூல். பாவு (நெடுக்கு நூல்) அறுந்தும் தாரில் (ஊடை நூல் சுற்றிய குழலில்) மிஞ்சியும் வீணாகும் நூலை மீட்டர் காட்டாது. அப்படியானால் போட்ட நூலின் எடையையும் இறங்கிய துணியின் எடையையும் ஒப்பிடலாமே என்றால், பாவில் ஏறிய கஞ்சியும் துணியோடு சேர்ந்து நிறுக்கப்படும் (கஞ்சி நூலாகும் வித்தை!). கஞ்சியைக் கழித்து, ஊடை நெருக்கம் ஒன்றாக உள்ள துணிகளை ஒப்பிட்டால்தான் அந்த விகிதத்துக்கு அர்த்தம் உண்டு.