பாட்டும் படைப்பணியும்

1973ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தென்கொரியாவில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. கட்டாயப் படைப்பணியில் எவரெவர்க்குத் தனிச்சலுகை அளிக்கலாம் என்பதை வரையறுக்க எழுந்த சட்டம் அது. நாட்டின் பெயரை உலகரங்கில் உயர்த்தும் விளையாட்டு வீரரும் கலைஞரும் பாசறையில் ஆண்டுகளைக் கழிக்க வேண்டுவதில்லை. தத்தம் துறையிலேயே உழைத்து நாட்டுக்குப் பணி செய்யலாம் என்பது அதன் சாரம். படைத்தலைவராயிருந்து ஆட்சியைக் கைப்பற்றிய பார்க் சுங் ஹீ அந்நாளில் குடியரசுத் தலைவர். அச்சட்டத்தின் வழிவந்த விதிகளை வரி வரியாகப் படித்துவிட்டு, "பியானோ வாசிப்பவனுக்கு உண்டென்றால் ஆடிப்பாடுபவனுக்கு ஏன் இல்லை?" என்று பள்ளி மாணவியர் வழக்காடும் காலம் ஒன்று வரும் என்று அவர் எண்ணியிருக்க முடியாது.

ஆனால் 2018 முதல் 2022 வரை நடந்தது அதுவே. பி.டி.எஸ். என்னும் எழுவர் குழுவின் இரசிகர்கள் கொரியாவில் மட்டுமன்றி உலகெங்கும் இதனை விவாதித்தனர். நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு மாணவியரின் பென்சில் பெட்டிகளைத் திறந்தால் அவ்வெழுவரின் படங்களைக் காணலாம். இது வெறும் மோகம் என்று ஒதுக்கிவிடும் ஆசிரியர்கள் உளர். யானும் அவ்வாறு ஒதுக்கியிருப்பேன். ஆயினும் அவ்விவாதத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, குடிமக்களின் கடமை, சமநீதி, கலையின் மதிப்பு ஆகிய மூன்றும் அதனுள் பின்னிக் கிடப்பதைக் கண்டேன்.

முதலில் கடமையை நோக்குவோம். நாட்டைக் காப்பது குடிமக்கள் அனைவரின் கடமை என்கிறது தென்கொரிய அரசியலமைப்பின் 39ஆம் பிரிவு. அது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1950இல் மூண்ட போர் 1953 ஜூலை 27இல் போர்நிறுத்த உடன்படிக்கையால் ஓய்ந்ததேயன்றி, அமைதி ஒப்பந்தத்தால் முடிவுறவில்லை. 1968 ஜனவரியில் வடகொரியாவின் அதிரடிப்படையினர் 31 பேர் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அண்மைவரை வந்துவிட்டனர். அவ்வாண்டிலேயே தரைப்படைப் பணிக்காலம் 36 மாதங்களாக நீட்டப்பட்டது. பின்னர்ப் படிப்படியாகக் குறைந்து 18 மாதங்களாயிற்று. உடல் தகுதியுள்ள ஒவ்வோர் ஆண்மகனும் இளமையில் கல்வியையோ தொழிலையோ அறுத்துக்கொண்டு செல்லவேண்டும். பெண்களுக்கு இக்கடமை இல்லை.

எல்லார்க்கும் பொதுவான சுமையைத் தாங்கும் மக்கள், அதனை ஒருவன் தட்டிக்கழித்தால் பொறுப்பதில்லை. 1997ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சி வேட்பாளரின் மைந்தர் இருவர் எடைக்குறைவு காரணமாகப் பணியினின்று விடுபட்டிருந்தனர் என்னும் செய்தி பெரும் பூசலைக் கிளப்பிற்று. மிகச் சிறிய வாக்கு வேறுபாட்டில் அவர் தோற்றார். பாடகர் யூ சுங் ஜுன் கதை இன்னும் கடுமையானது. படையில் சேர்வேன் என்று ஊரறியச் சொல்லி நற்பெயர் பெற்றிருந்த அவர், 2002இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுக்கொண்டார். அவ்வாண்டு பிப்ரவரியில் வானூர்தி நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார். உச்ச நீதிமன்றம் 2019இலும் 2023இலும் அவர் பக்கம் தீர்ப்பளித்த பின்னரும், 2024இல் மீண்டும் அவருக்கு நுழைவுரிமை மறுக்கப்பட்டது. இருபதாண்டுகள் கடந்தும் ஆறாத சினம்! 'கங்னம் ஸ்டைல்' என்னும் ஆட்டப்பாடலால் 2012இல் உலகைக் கலக்கிய சை என்பாரும் இதற்குத் தப்பவில்லை. தொழிற்கூடத்தில் அவர் செய்த மாற்றுப்பணி செல்லாதென்று முடிவாகி, 2007 டிசம்பரில் மறுமுறை படையிற் சேர்ந்து, 2009இல்தான் வெளிவந்தார்.

இனிச் சலுகைப் பட்டியலுக்கு வருவோம். ஒலிம்பிக்கில் மூன்று பதக்கங்களுள் ஒன்று, ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம், குறிப்பிட்ட அனைத்துலக இசை, நடனப் போட்டிகளில் முதலிரு இடங்கள், கொரிய மரபுக் கலைகளுக்கான உள்நாட்டுப் போட்டிகளில் முதலிடம் ஆகியவை அப்பட்டியலில் உள்ள தகுதிகள். இத்தகுதி பெற்றோர் சில வாரங்கள் அடிப்படைப் பயிற்சி பெற்று, 34 மாதங்கள் தம் துறையில் நீடித்து, 544 மணி நேரம் சமூகத் தொண்டும் ஆற்றினால் கடமை முடிந்ததாகும். சட்டம் இதனை மாற்றுப்பணி என்றே அழைக்கிறது. தெருவில் போவோரோ விலக்கு என்பர். விளையாட்டில் முதலில் இப்பேறு பெற்றவர் 1976இல் மொண்ட்ரியலில் தென்கொரியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற மல்லர் யாங் ஜுங் மோ. பசியும் வறுமையும் மறவாத ஒரு நாட்டுக்கு அத்தங்கம் எத்துணைப் பெரிது என்பதை நாம் எளிதில் உணரலாம்.

பட்டியல் கல்லில் செதுக்கியதன்று. 2002ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்தில் கொரியக் குழு இரண்டாம் சுற்றுக்குள் புகுந்தவுடன், ஊரெங்கும் செஞ்சட்டை வெள்ளம் பெருக்கெடுத்தோடிய அக்களிப்பில், அவர்களுக்கும் சலுகை சேர்க்கப்பட்டது. 2006இல் உலக பேஸ்பால் போட்டியில் அரையிறுதிக்கு வந்தவர்களுக்கும் கிட்டியது. மற்ற விளையாட்டினர் முணுமுணுத்தனர். 2007 முடிவில் இரண்டும் நீக்கப்பட்டன. ஆகவே 2009இல் அதே பேஸ்பால் போட்டியில் இரண்டாமிடம் பெற்றவர்களுக்கு ஒன்றுமில்லை! ஆரவாரத்தில் எழுதிய விதியை ஆற அமர அழிக்க வேண்டியதாயிற்று.

பி.டி.எஸ். இரசிகர்களின் கேள்வி இங்குதான் கூர்மை பெறுகிறது. பட்டியல் எத்தனையோ முறை திருத்தப்பட்டும், பாப் இசை ஒருமுறையும் அதனுள் இடம்பெறவில்லை. ஏன்? போட்டியில் பெறும் இடத்தை அளந்தறியலாம், மக்களின் விருப்பத்தை அவ்வாறு அளக்கவியலாது என்பது அரசுத் தரப்பின் விடை. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் வரலாறு வேறொரு காரணத்தையும் காட்டுகிறது. சலுகைச் சட்டத்தை இயற்றிய அதே ஆட்சிதான், இரண்டே ஆண்டுகளில், 1975இல், நூற்றுக்கணக்கான வெகுமக்கள் பாடல்களைத் தடைசெய்தது. கிம் மின் கி இயற்றிய 'காலைப் பனித்துளி'யும் ஷின் ஜுங் ஹியூன் இயற்றிய 'அழகி'யும் அவ்வாண்டில் வாயடைக்கப்பட்டன. ஜப்பானிய வாடை வீசுகிறதென்று லீ மி ஜாவின் 'கமீலியா மங்கை' என்னும் பாடல் அதற்கு முன்பே தடைப்பட்டு, 1987இல்தான் விடுதலை பெற்றது. நீண்ட முடி வைத்த இளைஞரைக் காவலர் பிடித்துத் தெருவிலேயே முடி வெட்டிய காலம் அது. அக்கால ஆட்சியாளரின் கண்ணில் பியானோக்காரன் நாட்டின் மணிமுடி. கித்தார்க்காரன் திருத்தப்பட வேண்டிய போக்கிரி. பாப் இசை பட்டியலில் இல்லாமை மறதியால் நேர்ந்ததென்று என்னால் நம்ப இயலவில்லை.

அந்தப் போக்கிரியின் பேரப்பிள்ளைகள் 2018 மே மாதத்தில் அமெரிக்காவின் பில்போர்டு இசைத்தட்டு வரிசையில் முதலிடம் பெற்றனர். அவ்வாண்டு அக்டோபரில் அரசே அவர்களுக்குப் பண்பாட்டு விருதளித்தது. 2020இல் 'டைனமைட்' என்னும் பாடல் தனிப்பாடல் வரிசையிலும் முதலிடம் பெற்றது. இடையில், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்று, காற்பந்து வீரர் சன் ஹியுங் மின்னும் அவருடைய தோழர்களும் சலுகை பெற்றனர். அதே போட்டியில் பேஸ்பால் குழுவில் சிலர் சேர்க்கப்பட்டது சலுகைக்காகவே என்ற குற்றச்சாட்டு எழுந்து, பயிற்றுநர் நாடாளுமன்றத்தின் முன் விடை சொல்ல நேர்ந்தது. "பல நாட்டு மக்களின் உள்ளங்களை வென்றவர்க்கு இல்லாத மதிப்பு, ஒரு வாரப் போட்டியில் வென்றவர்க்கு எப்படி வந்தது?" என்ற வினாவை இரசிகர்கள் மட்டுமன்றி நாடாளுமன்ற உறுப்பினரும் எழுப்பினர்.

ஆனால் இரசிகர் அனைவரும் ஒரே குரலில் விலக்குக் கேட்டனர் என்று கருதுவது தவறு. எனக்கு வியப்பளித்தது இதுவே. அழைப்பு வரும்போது செல்வோம் என்று அவ்வெழுவரும் பலமுறை சொல்லியிருந்தனர். 'அவர்களே கேளாததை அவர்கள் பெயரால் நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?' என்று இரசிகருள் பெரும்பகுதியினர் அரசியல்வாதிகள்மேல் பாய்ந்தனர். விலக்குக் கிடைத்துவிட்டால் யூ சுங் ஜுன்மேல் விழுந்த கறை போன்றதொன்று தம் அன்பர்கள்மேலும் விழும் என்று கொரிய இரசிகைகள் அஞ்சினர். கொரியாவுக்கு வெளியே இருந்தவர்கள் பெரும்பாலும் நியாயத்தின் பெயரால் விலக்கை ஆதரித்தனர். உள்நாட்டிலிருந்தவர்களோ அண்ணன் தம்பியரைப் பாசறைக்கு வழியனுப்பி அழுதவர்கள். இவ்வேறுபாடு இயல்பானதே. அவ்விரசிகர் கூட்டத்தின் பெயர் 'ஆர்மி', அதாவது படை. குழுவின் முழுப்பெயரோ குண்டு துளைக்காத சிறுவர் சாரணர் என்று பொருள்படும். பெயரிட்டவர் இந்நாளை எண்ணியா இட்டார்!

அரசியல்வாதிகளின் போக்கு இரசிகரின் ஐயத்தை மெய்ப்பித்தது. 2022இல் பூசான் நகரம் 2030ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியைத் தன்பால் ஈர்க்க முயன்றது. அந்நகர மேயர், கண்காட்சியின் தூதுவர்களாகிய பி.டி.எஸ். குழுவினருக்கு மாற்றுப்பணி வழங்குமாறு குடியரசுத் தலைவரை வேண்டினார். கண்காட்சிக்கு ஆள் பிடிக்க ஒரு தலைமுறையின் சமநீதியை விலையாகக் கொடுப்பதா என்ற கூக்குரல் எழுந்தது. பாதுகாப்பு அமைச்சரோ மக்கள் கருத்தைக் கணிக்கலாம் என்றார். அதற்கும் எதிர்ப்புக் கிளம்பவே, கருத்துக்கணிப்பே முடிவாகாது என்று விளக்கமளிக்க நேர்ந்தது. படையிற் சேர்த்துக்கொண்டு, இசை நிகழ்ச்சிக்கு மட்டும் வெளியே அனுப்பலாம் என்ற யோசனையும் உலவியது. அதுவும் பழைய கள்தான். 1996 முதல் 'கலைஞர்ப் படைவீரர்' என்றொரு பிரிவு இருந்தது. அதிலிருந்த சிலரின் ஒழுங்கின்மை அம்பலமாகி, 2013 ஜூலையில் அப்பிரிவே கலைக்கப்பட்டது.

என் கருத்தைக் கேட்பின், 1973ஆம் ஆண்டின் அளவுகோல் பிழையானது. நடுவர் ஐவர் அமர்ந்து அளிக்கும் பரிசு கலை. எளிய மக்கள் வாய்விட்டுப் பாடுவது கலையன்று என்னும் எண்ணம் அதனுள் ஒளிந்திருக்கிறது. நாட்டுப்புறப் பாடலைப் பாடநூலில் சேர்க்கப் போராடிய தமிழாசிரியர்களுக்கு இவ்வெண்ணம் புதிதன்று. ஆயினும் பிழையான பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்ப்பது அதற்கு மருந்தாகாது. பாடகரைச் சேர்த்தால் நடிகர் நிற்பார். நடிகரைச் சேர்த்தால் எழுத்தாளர் நிற்பார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கணினி விளையாட்டில் தங்கம் வென்ற இளைஞர்களும் சலுகை பெற்றுவிட்டனர். இதற்கு எல்லை எது? அவ்வாண்டு தென்கொரியாவின் கருவள வீதம் 0.72ஆகச் சரிந்தது. பிள்ளைகள் அருகிவரும் நாட்டில் ஒருவனை விடுவித்தால் அந்தச் சுமை அடுத்தவன் தோளில் ஏறும். அந்த அடுத்தவன் மீன்பிடிப்பவன் மகனாகவோ அங்காடிக் கூலியாகவோ இருப்பான். அவனுக்காக உலகெங்கும் வழக்காட இரசிகர் எவரும் இல்லை. பணி முடித்தோர்க்கு அரசுத் தேர்வில் அளிக்கப்பட்டு வந்த மிகை மதிப்பெண்களையும், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அநீதி என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1999இல் நீக்கிவிட்டது. அத்தீர்ப்பு சரியானதே. ஆனால் அதன்பின் அவனுக்குக் கைம்மாறாக என்ன கொடுத்தனர்?

விலக்கைவிட ஒத்திவைப்பே பொருத்தமானது. 2020 டிசம்பர் முதல் நாள் தென்கொரிய நாடாளுமன்றம் இயற்றிய திருத்தம் அத்தகையது. அரசின் பண்பாட்டு விருது பெற்ற பாப் கலைஞர், அமைச்சின் பரிந்துரையுடன் முப்பது வயதுவரை பணியைத் தள்ளிப்போடலாம். அண்டையிலுள்ள சிங்கப்பூரும் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்கு 2013இல் ஒத்திவைப்பே அளித்தது. 2016இல் அவர் ஒலிம்பிக் தங்கம் வென்ற பின்னரும் தேசிய சேவைக் கடமை நீங்கவில்லை. 2022இல் அவர் படையிற் சேர்ந்தார். புகழின் உச்சியிலிருந்த எல்விஸ் பிரெஸ்லியும் 1958இல் முடி வெட்டிக்கொண்டு படைக்குச் சென்று, ஜெர்மனியில் பணியாற்றி 1960இல் திரும்பினார். பின்னரும் அவரைப் பாடகராகவே உலகம் ஏற்றது.

விவாதம் முடிவதற்குள் குழுவினரே அதனை முடித்துவைத்தனர். 2022 அக்டோபர் 15இல் பூசானில் கட்டணமில்லா நிகழ்ச்சி ஒன்றை நடத்தினர். இரண்டு நாள் கழித்து, அவரவர் திட்டப்படி படையிற் சேர்வோம் என்ற அறிவிப்பு வெளிவந்தது. மூத்தவரான ஜின், டிசம்பர் 13ஆம் நாள், எல்லைக்கு அருகிலுள்ள யோன்சோன் பயிற்சி முகாமில் நுழைந்தார். தம்மைக் காண வரவேண்டா, மற்றக் குடும்பத்தார்க்கு இடையூறாகும் என்று அவர் முன்னரே கேட்டுக்கொண்டிருந்தமையால், பெருங்கூட்டம் திரளவில்லை. பின்பு அம்முகாமிலேயே புதியோரைப் பழக்கும் துணைப் பயிற்றுநராக அவர் பணியாற்றினார். பூசானுக்குக் கண்காட்சி கிட்டவில்லை. 2023 நவம்பரில் அது ரியாத்துக்குப் போய்விட்டது. ஜின் 2024 ஜூன் 12இல் வெளிவந்தார். எழுவருள் கடைசியாக, சமூகப் பணியாளராகக் கடமையாற்றிய சுகா 2025 ஜூன் 21இல் விடுபட்டார். அந்நாள்வரை சலுகைப் பட்டியலில் பாப் இசைக்கென்று ஒரு வரியும் சேர்க்கப்படவில்லை.