பங்குச் சந்தை மோசடி வழக்குகள்: முந்திவரும் சிறை, பிந்திவரும் தீர்ப்பு

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ராமலிங்க ராஜு, வழக்கு விசாரணை முடிவதற்கு முன்பே இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்தார். 2015 ஏப்ரல் 9 அன்று ஐதராபாத் தனி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஒரு மாதம் கழித்து, மே 11 அன்று, மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை வழங்கியது. குற்றம் நிறுவப்படாத காலத்தில் முப்பது மாதங்களுக்கு மேல் சிறை. நிறுவப்பட்ட பின்னர் ஏறத்தாழ ஒரு மாதச் சிறை.

இந்த வரிசை மாற்றம் ஒரு வழக்குக்கு மட்டும் உரியதன்று. 1992 முதல் இந்தியாவின் பெரும் பங்குச் சந்தை வழக்குகளில் கைதும் காவலுமே தண்டனையின் இடத்தை எடுத்துக்கொண்டுள்ளன. தீர்ப்போ பத்தாண்டுக் கணக்கில் பின்னால் வருகிறது. கோடீசுவரர்களின் பிணை குறித்து நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழும். அவர்களைக் காட்டி இறுக்கப்படும் பிணைச் சட்டம் அவர்களோடு நிற்பதில்லை என்பதே அதற்கு விடை. அவர்கள் வழக்காடிப் பெற்ற தீர்ப்புகள் நம் மக்களின் வழக்குகளிலும் பயன்படக்கூடியவை என்பது மற்றொரு விடை.

எது குற்றம், வழக்குத் தொடுப்பவர் யார்?

சில கணக்குகளுக்கிடையே ஒரே பங்கை மாறிமாறி விற்று வாங்கி, வணிகம் பெருகுவதுபோல் தோற்றம் காட்டுதல். பொய்ச் செய்தி பரப்பி விலையை ஏற்றிவிட்டுத் தம் பங்குகளை விற்று வெளியேறுதல். வெளியிடப்படாத உள்தகவலைக் கொண்டு வணிகம் செய்தல் முதலியவற்றை 1992ஆம் ஆண்டின் செபி சட்டம், பிரிவு 12ஏ-இல் தடைசெய்கிறது. பிரிவு 24-இன்படி இவற்றுக்குப் பத்தாண்டுகள் வரை சிறையோ, 25 கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அதிகபட்சச் சிறைத்தண்டனை ஓராண்டு மட்டுமே.

ஒரே செயலுக்கு இரு பாதைகள் உண்டு. முதலாவது, செபியே நடத்தும் நிர்வாக விசாரணை. சந்தையில் ஈடுபடத் தடை, பண அபராதம், முறைகேடாக ஈட்டிய ஆதாயத்தைத் திரும்பச் செலுத்தும் ஆணை ஆகியவை அதன் கருவிகள். இங்கு ஐயத்துக்கு இடமற்ற சான்று தேவையில்லை; சுற்றுச்சூழ்நிலைகளிலிருந்து பெறப்படும் நியாயமான அனுமானமே போதும் என்று கிஷோர் அஜ்மேரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் கூறியது. இரண்டாவது, குற்றவியல் வழக்கு. பிரிவு 26-இன்படி செபி முறையீடு அளித்தால் மட்டுமே நீதிமன்றம் இதனை விசாரணைக்கு எடுக்க முடியும். இதில் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை கிடையாது. எதிரிக்கு அழைப்பாணை செல்லும். அவர் வெளியிலிருந்தபடியே வழக்கை நடத்துவார்.

அவ்வாறாயின் கைது எங்கிருந்து வருகிறது? அதே செயலை ஏமாற்றுதல், சதி, போலி ஆவணம் புனைதல் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின்கீழ் (2024 ஜூலைக்கு முன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின்கீழ்) கொண்டுவரும் சிபிஐ அல்லது மாநிலப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்கிறது. பிரிவு 12ஏ மீறல், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் பட்டியலிலும் இடம்பெற்றிருப்பதால் அமலாக்கத் துறையும் உள்ளே வரலாம். ஆகவே செபி மட்டும் நடத்தும் வழக்கில் சிறையின்றியே ஆண்டுகள் உருளும். மற்ற முகமைகள் நுழைந்த வழக்கில் சிறை முதலில் வரும். ஆண்டுகள் அதன்பிறகு உருளும்.

தனி நீதிமன்றம் விரைவைத் தந்ததா?

வங்கிப் பணத்தைக் கடன்பத்திர வணிகத்தின் வழியாகத் திருப்பிப் பங்குச் சந்தையில் இறக்கினார் ஹர்ஷத் மேத்தா. 200 ரூபாய் அளவில் இருந்த ஏசிசி பங்கு 9,000 ரூபாயைத் தொட்டது. 1992 ஏப்ரலில் முறைகேடு வெளிப்பட்டது. அவ்வாண்டே அவர் கைதானார். இழப்பு ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய் என்று ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு மதிப்பிட்டது.

விரைந்து நீதி வழங்குவதற்கென்றே அவ்வாண்டு தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பதவியிலுள்ள நீதிபதி ஒருவரே தனி நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்குவார். மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லும். இடையிலுள்ள படிகள் அனைத்தும் நீக்கப்பட்டும், மாருதி நிறுவனப் பணம் தொடர்பான வழக்கில் தண்டனைத் தீர்ப்பு வர 1999 ஆயிற்று. மேத்தா 2001 டிசம்பர் 31 அன்று, வேறொரு வழக்கில் நீதிமன்றக் காவலில் இருந்தபோது தாணேயில் இறந்தார். மாருதி வழக்கின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2003 ஜனவரியில் தீர்ப்பளித்தபோது அவர் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. அத்தீர்ப்பிலும் இரு நீதிபதிகள் குற்றத்தை உறுதிசெய்ய, ஒருவர் மாறுபட்டார்.

சத்யம் வழக்கு இதைவிட விரைவானதே. 2009 ஜனவரி 7 அன்று கணக்குகளைத் திரித்ததாக ராஜுவே கடிதம் எழுதினார். இரண்டு நாளில் கைதானார். ஏப்ரலில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. 2010 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் வழங்கிய பிணையை அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நீக்கி, 2011 ஜூலை 31-க்குள் விசாரணையை முடிக்குமாறு பணித்தது. விசாரணை முடியவில்லை, நவம்பரில் உச்ச நீதிமன்றமே பிணை வழங்கியது. 200-க்கும் மேற்பட்ட சாட்சிகள், ஏறத்தாழ 3,000 ஆவணங்கள் என விரிந்த வழக்கில், ஒப்புதல் கடிதம் இருந்தும் தீர்ப்புக்கு ஆறாண்டுகள் ஆயின.

தேசியப் பங்குச் சந்தையின் கணினி மையத்தில் சில தரகர்களுக்கு முன்னுரிமை கிடைத்தது என்ற வழக்கு இன்னொரு பாடம். குற்றச்சாட்டு 2010ஐ ஒட்டிய ஆண்டுகளைப் பற்றியது. சிபிஐ 2018 மே மாதத்தில் வழக்குப் பதிந்தது. முன்னாள் தலைமை நிர்வாகி சித்ரா ராமகிருஷ்ணா கைதானது 2022 மார்ச்சில். ஏறத்தாழ நான்காண்டுகள் வெளியில் இருந்தவரைக் காவலில் வைத்தே விசாரிக்க வேண்டிய தேவை அப்போது எப்படி எழுந்தது என்பது நியாயமான வினா. செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அவ்வழக்கில் பிணை வழங்கியது. ஆயினும் தொலைபேசி ஒட்டுக்கேட்பு தொடர்பாக அமலாக்கத் துறை ஜூலையிலேயே கைது செய்திருந்ததால், அவர் வெளியே வர 2023 பிப்ரவரி ஆயிற்று. நிர்வாகப் பாதையில், செபி 2019-இல் பங்குச் சந்தை மீது விதித்த ஏறத்தாழ 625 கோடி ரூபாய் ஆணையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023-இல் நீக்கியது. கூட்டுச் சதியை நிறுவப் போதிய சான்றில்லை என்று 2024 செப்டம்பரில் செபியே நடவடிக்கையை முடித்துவைத்தது. நிர்வாக ஆணை குற்றவியல் வழக்கின் முடிவைத் தீர்மானிக்காது. எனினும், குறைந்த சான்றே போதுமான பாதையில் நிறுவ முடியாத ஒன்றுக்கு முன்கூட்டியே சிறை வைத்தது எவ்வளவு முறையானது என்பதை அது சிந்திக்க வைக்கிறது.

தாமதம் பிறக்கும் இடங்கள்

முதலாவது, வழக்குக்கு முந்தைய காலம். மூன்றாண்டுக்கு மேல் தண்டனைக்குரிய குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை. பத்தாண்டு தண்டனைக்குரிய செபி குற்றத்தில் முறையீட்டை எப்போது வேண்டுமானாலும் அளிக்கலாம். விரையவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

இரண்டாவது, முகமைகளின் பெருக்கம். செபி, சிபிஐ, அமலாக்கத் துறை, நிறுவன மோசடிகளை விசாரிக்கும் மத்திய அலுவலகம் ஆகியவை தத்தம் போக்கில் அதே ஆவணங்களைத் திரட்டுகின்றன. ஒன்றில் பிணை பெற்றவரை மற்றொன்று பிடிக்கிறது.

மூன்றாவது, இடைக்காலத் தடைகள். வசதி படைத்த எதிரி, வழக்கை நீக்கக்கோரி உயர் நீதிமன்றம் சென்று தடை பெற இயலும். ஆறு மாதத்தில் தடை தானே விலகும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதியை, 2024 பிப்ரவரியில் ஐவர் அமர்வு நீக்கிவிட்டது. அந்த விதியால் நியாயமான தடைகளும் விலகின என்பது உண்மையே. ஆனால் தடைகளை விரைந்து விசாரிக்கும் வேறு ஏற்பாடு அதனிடத்தில் வரவில்லை.

காவலில் வைத்ததால் இவற்றுள் எதுவும் விரைவுபடவில்லை. அச்சுறுத்தும் ஆற்றலும் அதற்கு ஐயத்துக்குரியதே. 2001-இல் கைதாகி, 2003-இல் செபியால் 14 ஆண்டுகள் தடைசெய்யப்பட்ட கேதன் பாரேக் மீது, 2025 ஜனவரியில் புதிய முறைகேட்டுக் குற்றச்சாட்டில் செபி மீண்டும் இடைக்காலத் தடை விதித்தது.

பிணை பற்றி இரு குரல்கள்

பொருளாதாரக் குற்றங்கள் தனி வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பிணையை வேறு கண்கொண்டு பார்க்க வேண்டும் என்று ஜெகன்மோகன் ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியது. அரசுத் தரப்பு இன்றும் முதலில் நீட்டுவது இத்தீர்ப்பையே.

மற்றொரு குரலும் உண்டு. இரண்டாம் அலைக்கற்றை வழக்கின் சஞ்சய் சந்திரா தீர்ப்பு, பிணையின் நோக்கம் தண்டிப்பதன்று, விசாரணைக்கு வரச்செய்வதே என்று 2011-இல் அறுதியிட்டது. அவ்வழக்கின் எதிரிகள் அனைவரும் 2017-இல் விசாரணை நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர் என்பதையும் நினைவிற்கொள்க. பொருளாதாரக் குற்றம் என்பதாலேயே பிணையை மறுக்கும் பொதுவிதி இல்லை என்று 2019-இல் சிதம்பரம் வழக்கில் கூறப்பட்டது. பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் பிரிவு 45, எதிரி குற்றமற்றவர் என்று நம்பக் காரணம் இருந்தாலன்றிப் பிணை இல்லை என்கிறது. 2022-இல் இப்பிரிவு செல்லும் எனத் தீர்ப்பானது. ஆயினும், விசாரணை விரைவில் முடிய வாய்ப்பில்லாதபோது நெடுங்காலச் சிறைக்கு அதைக் கருவியாக்க முடியாது என்று 2024-இல் செந்தில் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. விரைவான விசாரணைக்கான உரிமை குற்றத்தின் தன்மையைப் பொறுத்ததன்று என்று அதே ஆண்டின் ஜாவேத் ஷேக் தீர்ப்பு உரைத்தது.

சுமை யார்மேல்?

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள், எண்ணிக்கை 4,34,302. அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் பங்கு 16.6 விழுக்காடு. பங்குச் சந்தை வழக்கில் சிறை சென்றவர், எத்தனை மாதம் கழிந்தாலும், மூத்த வழக்கறிஞரைக் கொண்டு உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டுகிறார். பிணை ஆணை கையில் இருந்தும், சொத்துச் சான்றோடு இரு பிணையாளர்களை நிறுத்த முடியாமல் உள்ளேயே கிடந்தவர்களுக்காக நான் மனுப் போட்டிருக்கிறேன். மோதிராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்ப் பிணை கேட்டதை 1978-இல் கிருஷ்ணய்யர் கண்டித்தும், விசாரணைக் கைதிகளின் விரைவு விசாரணை உரிமையை 1979-இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கு அறிவித்தும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

ஆகவே “பெருமுதலாளிக்கு மட்டும் பிணையா?” என்ற கோபத்தை, “அவருக்கும் பிணை கூடாது” என்ற கோரிக்கையாக மாற்றுவது நமக்கே தீங்காகும். சிறிய முதலீட்டாளருக்கும் அதனால் பயனில்லை. இழந்த பணம் திரும்புவது ஆதாயத்தை மீட்கும் ஆணைகளாலும் நேரத்தில் வரும் தீர்ப்பினாலுமே. செபி முறையீட்டுக்குக் கால வரையறை, ஒரே செயல் குறித்த வழக்குகளை ஒரே நீதிமன்றத்தில் சேர்த்தல், இடைக்காலத் தடைகளை முன்னுரிமையோடு தீர்த்தல் ஆகியவையே கேட்கத் தக்கவை.

சட்ட உதவிப் பணியில் உள்ள மாணவர்களும் தோழர்களும் இன்றே கையாளக்கூடிய விதிகள் உள்ளன. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 479-இன்படி, முன்பு தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர்கள் பாதியையும் காவலில் கழித்திருந்தால் பிணைக்குத் தகுதி பெறுவர். மரணமோ ஆயுளோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. மனு அளிக்கும் கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இச்சலுகை இல்லை. காவல்துறை சிறுசிறு வழக்குகளை அடுக்கும் நம் ஊர்களில் இதுவே பெருந்தடை. மேலும், பிணை ஆணைக்குப்பின் ஏழு நாள்களுக்குள் ஒருவர் விடுதலையாகாவிட்டால், கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் தரப்படாவிடில் நீதிமன்றம் தானே நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பணித்துள்ளது.

உங்கள் மாவட்டச் சிறையில், பிணை கிடைத்தும் வெளிவராதோர் பட்டியலைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் எழுத்துமூலம் கேளுங்கள். அவர்களுக்கான மனுவில் சஞ்சய் சந்திரா தீர்ப்பையும் சேர்த்து எழுதுங்கள்.