மாமை

குறுந்தொகையில் வெள்ளிவீதியார் வருந்துவது, தன் மாமை பசலைக்கு இரையாகிறதே என்று. மாமை மாந்தளிர் நிறம் என்பார்கள். ‘மா’வுக்குக் கருமை என்றும் பொருள். வெளுத்துப்போவதுதான் அங்கே நோய். ஆண்டுதோறும் இதை வகுப்பில் நடத்துகிறேன்.

ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. 2020இல் ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ ஆனது. இடையில் வளர்ந்தவள் நான், அந்தக் களிம்பு தேவைப்படாத நிறத்தோடு. பள்ளி ஆண்டுவிழாவில் பன்னீர்ச் செம்பு எப்போதும் என் கையில்தான். திறமை என்று நினைத்திருந்தேன் (பன்னீர் தெளிக்க என்ன திறமை?).

சென்ற ஆண்டு கல்லூரி விழாவில் வரவேற்புக்கு ஐந்து மாணவிகளை நானே தேர்ந்தெடுத்தேன். புகைப்படத்தில்தான் பார்த்தேன்: ஐவரும் என் நிறம். வகுப்பிலேயே நன்றாகப் பாட்டு வாசிப்பவள் என் நினைவுக்கே வரவில்லை.

அவள்தான் பிறகொரு நாள் கேட்டாள்: “மாமைன்னா கறுப்பா மேடம்?”

“மாந்தளிர் நிறம்மா” என்றேன். அவளைப் பார்த்துக் கறுப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.