சிக்கன நிதிக் கொள்கை: தமிழ்நாட்டு வரலாறு

அரசு தன் வருவாய்க்குள் செலவு செய்ய வேண்டும், வரி மிதமாக இருக்க வேண்டும், அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கக் கூடாது என்று வலியுறுத்தும் நிலைப்பாடு சிக்கன நிதிக் கொள்கை எனப்படும். தமிழ்நாட்டில் இதன் முதன்மைக் குரல் ராஜாஜி (1878–1972).

தொடக்கம்

1937இல் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, அவ்வாண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் குறைந்த கலால் வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இத்தகைய பொது வரி அதுவே முதல். வரியைக் குறை என்பது மட்டுமல்ல இக்கொள்கை. ஒரு திட்டத்தை ஏற்றால் அதற்கான பணத்தையும் வெளிப்படையாகக் காட்டு என்பதே இதன் சாரம்.

சுதந்திராக் கட்சி

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் பற்றாக்குறை நிதியைப் பெரிதும் நம்பியிருந்தது. பொருளியல் அறிஞர் பி. ஆர். ஷெனாய் 1955இல் எழுதிய மறுப்புக் குறிப்பில் விலைவாசி உயரும் என எச்சரித்தார். 1957இல் மத்திய நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டரின் பரிந்துரையை ஒட்டிச் செல்வ வரியும் செலவு வரியும் விதித்தார். 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி, உயர்ந்த வரிகளையும் லைசென்ஸ், பர்மிட், கோட்டா ஆட்சியையும் எதிர்த்தது. 1967 மக்களவைத் தேர்தலில் 44 இடங்களைப் பெற்றது. 1974இல் பாரதிய லோக் தளத்தில் கலந்தது. 1970களின் தொடக்கத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 விழுக்காடாக இருந்தது.

கும்மிடிப்பூண்டியும் வரிச் சலுகையும்

1971இல் உருவான சிப்காட் நிறுவனம், திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி உட்படப் பல ஊர்களில் நிலம், சாலை, தண்ணீர் வசதியுடன் தொழிற்பேட்டைகளை அமைத்தது. ஆலைகளை ஈர்க்க மாநிலங்கள் போட்டிபோட்டு விற்பனை வரி விலக்கும் ஒத்திவைப்பும் அளித்தன. ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இந்தப் போட்டி கண்கூடானது; எல்லைக்கு அப்பால் சிறிது தொலைவில்தான் பின்னர் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் எழுந்தது. கைவிட்ட வரியும் அரசின் செலவே. அந்தச் சுமை சலுகை பெறாத சிறு வணிகர் மீதும் நுகர்வோர் மீதும் விழுகிறது என்பது சிக்கனவாதிகளின் வலுவான வாதம். 1999 நவம்பரில் கூடிய மாநில முதல்வர்கள், விற்பனை வரி சார்ந்த சலுகைகளை நிறுத்த இசைந்தனர். 2017 ஜூலை 1இல் சரக்கு சேவை வரி வந்ததும் எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் தேவையற்றுப் போயின.

சட்டமாதல்

வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்கவும் நிதிப் பற்றாக்குறைக்கு வரம்பு கட்டவும் 2003இல் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் நிறைவேறியது. சில ஆண்டுகள் உபரியும் கிட்டியது. ஆனால் 2013–14 முதல் வருவாய்ப் பற்றாக்குறை திரும்பியது. 2021 ஆகஸ்டில் அப்போதைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒரு குடும்பத்தின் தலைமீதுள்ள அரசுக் கடன் சுமையை 2,63,976 ரூபாய் எனக் கணக்கிட்டது.

மதிப்பீடு

பள்ளி, சத்துணவு, மருத்துவமனை ஆகியவற்றுக்கான பொதுச் செலவே தமிழ்நாட்டை உயர்த்தியது என்னும் எதிர்வாதம் உண்மையானது. அந்தச் செலவு நிலைத்து நடக்க வருவாய் வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை. சுதந்திராக் கட்சி மறைந்தது. அது கேட்ட வரவு செலவுக் கட்டுப்பாடு சட்டமாகி நிற்கிறது. அதைக் காப்பது ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டை நிறைவேற்றும் சட்டமன்றத்தின் கடமை.