ஓலையும் தகரமும்: ஜெயபுரத்துச் சிறுவர் கைவினை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சமூக வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் மட்பாண்ட ஓட்டையும் நாடுவது இயல்பு. சிறுவரின் விளையாட்டுப் பொருள் அவர்தம் கண்ணிற் படுவது அரிது. காரணம் எளிது. காலையில் முடைந்த ஓலைக் காற்றாடி மாலையில் அடுப்புக்குப் போய்விடுகின்றது; ஈர்க்கில் குத்திச் செய்த குரும்பட்டித் தேர் ஓரிரு நாளில் வாடிச் சுருங்கி விடுகின்றது. எஞ்சாத பொருளுக்கு வரலாறு இல்லையென்பது ஆராய்ச்சியாளரின் வசதிக்கேற்ற முடிபு. ஆயினும் ஒரு பிள்ளையின் கையிலிருந்த பொருள் எதனாற் செய்யப்பட்டது, யார் செய்தார், விளையாட்டுப் பொருளாகு முன்னர் அது வீட்டிலே என்னவாக இருந்தது என்று வினவத் தொடங்கினால், அவ்வீட்டின் பொருளாதாரம் முழுவதும் நம்முன் விரிகின்றது.

வீட்டிற் கிடைப்பதைக் கொண்டு சிறுவருக்கு விளையாட்டுப் பொருள் செய்யும் சிக்கனக் கைவினை இன்று பெரிதும் போற்றப்படுகின்றது. கழிவுப் பொருளுக்கு மறுவாழ்வு கொடுத்தல் என்று முன்பள்ளி ஆசிரியைகளுக்கு அது பயிற்றப்படுகின்றது. இச்சிக்கனம் ஒரு குணமா அன்றி ஒரு நிலைமையா என்பதே நமது வினா. வன்னிப் பெருநிலத்திலே, கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்த ஜெயபுரத்தை முன்வைத்து அதனை ஆராய முற்படுகின்றோம்.

பழந்தமிழ்ச் செய்யுள்களில் விளையாட்டுத் தேர் பலவிடத்து வருகின்றது. பட்டினப்பாலையில் முற்றத்து நெல்லைத் தின்ன வந்த கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த காதணி, சிறுவர் உருட்டும் மூன்று காற் சிறுதேருக்குத் தடையாகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் தச்சரின் பிள்ளைகளே விரும்பத்தக்க நல்ல தேரை மருதநிலத்துப் புதல்வர் உருட்டுகின்றனர். குறுந்தொகையின் அறுபத்தோராம் பாட்டிலும் சிறுவர் இழுத்து மகிழும் வண்டி தச்சன் செய்ததே. தேர் பெற்ற பிள்ளை வளமனைப் பிள்ளை. அதனைச் செய்தவன் தொழில் தெரிந்த கைவினைஞன். இவற்றுக்கு மறுபுறத்திலே சிறுமியர் தாமே மணலிற் கட்டிய சிற்றிலும், வண்டலிற் செய்த பாவையும் உள்ளன. அவற்றுக்கு விலையுமில்லை, தச்சனுமில்லை. அலை வந்தால் வீடுமில்லை. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் சிற்றில், சிறுபறை, சிறுதேர் மூன்றையும் ஆண்பாற் பருவங்களாக வரிசைப்படுத்தித் தெய்வத்துக்கும் தலைவனுக்கும் உரியனவாக்கி விட்டது. செய்து கொடுக்கப்படும் பொருள், பிள்ளை தானே செய்யும் பொருள் என்னும் வேறுபாடு அப்பொழுதே நம் சமூகத்தில் ஒரு வர்க்க வேறுபாடாக இருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஜேர்மானிய விமரிசகரான வால்ற்றர் பெஞ்சமின் 1928 இல் விளையாட்டுப் பொருளின் பண்பாட்டு வரலாறு பற்றி எழுதியபோது இத்தகையதொரு கருத்தையே வேறொரு முனையிலிருந்து அணுகினார். ஐரோப்பாவிலே விளையாட்டுப் பொருள் முதலில் தனித் தொழிலாக இருக்கவில்லை. மரஞ்செதுக்குவோர், தகரவேலை செய்வோர் ஆகியோரின் பட்டறைகளில் உபபொருளாகப் பிறந்தது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். தையற்காரனின் துணித்துண்டும் தச்சனின் மரச்சீவலும் பிள்ளைகளை ஈர்க்கும் விதத்தையும் அவர் அவ்வாண்டு வெளிவந்த மற்றொரு நூலிற் குறித்துள்ளார். பட்டறை இருந்த இடத்தில் இக்கூற்று நன்கு பொருந்தும். பட்டறையே இல்லாத, காடு வெட்டிக் குடியேறிய ஓர் ஊரில் பிள்ளைக்கு மிஞ்சுவது யாது?

ஜெயபுரம் பழமை வாய்ந்த ஊரன்று. 1983 யூலை வன்செயலின் பின் மலையகத்திலிருந்தும் தென்பகுதியிலிருந்தும் வந்த குடும்பங்கள் பெருமளவிற் குடியமர்ந்த ஊர் அது. அவ்வருகைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1973, 74 ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களில் நிலவிய பட்டினி பலரை வன்னிக்கு விரட்டியது. 1977 இன் வன்செயல் மேலும் பலரை அனுப்பியது. வவுனியாவைத் தளமாகக் கொண்டிருந்த காந்தியம் அமைப்பு இவர்களைக் குடியேற்றுவதில் முன்னின்றது. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் அதனை வழிநடத்தினர். காணி, கிணறு, குடிசை என்பவற்றோடு அவ்வமைப்பு முன்பள்ளிகளையும் நடத்தியது என்பதே நமது பொருளுக்கு முக்கியமானது. கிராமத்து இளம்பெண்களைப் பயிற்றி, அவர்களையே ஆசிரியைகளாக்கி, மரநிழலிலும் கொட்டில்களிலும் பிள்ளைகளைக் கூட்டிய முயற்சி அது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27 ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் மட்டக்களப்புச் சிறையிலிருந்து தப்பி, நெடுங்காலம் இந்தியாவில் வாழ்ந்து, 2015 இல் கிளிநொச்சியிற் காலமானார்.

காந்தியின் ஆதாரக் கல்வி 1937 இல் வார்தாவில் உருப்பெற்றது. கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. மரியா மொண்டிசோரி 1944 இல் இலங்கைக்கு வந்து பயிற்சி அளித்தார். இலங்கையிலே முன்பள்ளி என்பதற்கு நகரத்து நடுத்தர வகுப்பினர் இன்றும் மொண்டிசோரி என்ற பெயரையே வழங்குவர். அவரது முறை அளவு பிசகாமற் செய்த மரக்கட்டைகளையும் உருளைகளையும் வேண்டுவது. அவை விலை கூடியவை. வன்னிக் கொட்டிலில் அவற்றுக்கு இடமிருக்கவில்லை. எண்ணுவதற்குக் குன்றிமணியும் புளியங்கொட்டையும், எழுதுவதற்கு நிலத்து மணலும், அடுக்குவதற்குச் சிரட்டையும் போதுமானவையாயின. மகாராட்டிரத்திலே தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் 1945 முதல் கடலோர, பழங்குடிப் பிள்ளைகளிடையே இவ்வாறே அயலிற் கிடைத்தவற்றைக் கொண்டு பாலர் கல்வி நடத்தினர். வறுமை தேடிக்கொண்ட மாற்று என்று இதனைச் சிலர் தாழ்வாகக் கருதுவர். பிள்ளை தன் கையாற் பொறுக்கிய கொட்டையை எண்ணும்போது எண்ணோடு மரத்தையும் பருவத்தையும் அறிகின்றது என்பதை நோக்க, அத்தாழ்வு மனப்பான்மைக்கு நியாயம் இல்லை எனலாம்.

தோட்டத்திலிருந்து வந்தோர் அறிந்த சிறுவர் உலகு வேறானது. தாயர் கொழுந்து பறிக்கச் சென்றபின் பிள்ளைகள் பிள்ளைமடுவத்தில், முதிய பெண்ணொருத்தியின் காவலில் விடப்பட்டனர். குளிரும் மழையும் தேயிலைச் செடியும் அறிந்த அவர்கள் வரண்ட மண்ணுக்கு வந்தபோது பனையைப் புதிதாகக் கற்கவேண்டியவராயினர். பூநகரிக் கரையோரத்திற் பனை மிகுதி. நீரும் வெயிலும் போல ஓலையும் எளிதிற் கிடைப்பது; வாங்க வேண்டியதன்று.

ஓலையிற் செய்யும் விளையாட்டுப் பொருள்களின் தொழில்நுட்பம் சற்று விரித்துரைக்கத்தக்கது. முதிர்ந்த ஓலை முறியும், குருத்தோலையே வளையும். குருத்தை வெயிலில் வாட்டி, ஈர்க்கைக் கிழித்தெடுத்து, ஒரே அகலத்தில் வார்ந்துகொள்வர். இரு வார்களைச் சிலுவையாக மடித்துக் கோத்து, நடுவே முள் பாய்ச்சி, ஈர்க்கிற் செருகினாற் காற்றாடி. முள் இறுகக் குத்தப்பட்டாற் சுழலாது, தளர்ந்தாற் கழன்றுவிடும். உராய்வு பற்றிய முதற் பாடத்தைப் பிள்ளை அங்கே கற்கின்றது. நான்கு வார்களைப் பின்னிக் கனசதுரமாக்கி, மூடுமுன் உள்ளே நாலைந்து குன்றிமணியை இட்டாற் கிலுகிலுப்பை. நுங்கு எடுத்த கோம்பை இரண்டை ஒரு தடியால் இணைத்து, கவர்த்தடியால் தள்ளினால் வண்டி. பூவரசம் இலையைச் சுருட்டி ஒருமுனையை நசுக்கினால் ஊதுகுழல். இவற்றுள் எதற்கும் பசையோ ஆணியோ வேண்டியதில்லை. பாயும் பெட்டியும் சுளகும் இழைத்த பெண்களின் கைப்பழக்கமே பிள்ளைகளின் கைக்கு இறங்கியது. வீட்டுத் தொழிலும் விளையாட்டும் ஒரே முடிச்சில் நின்றன. பாய் இழைத்து மிஞ்சிய துண்டு பிள்ளைக்கு. மிஞ்சாவிட்டால் பிள்ளைக்கு இல்லை.

தகரமும் றப்பரும் பின்னர் வந்தவை. மீன் ரின் உடலாக, தேய்ந்த செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டுகள் சில்லாக, சைக்கிள் கம்பி அச்சாக அமைந்த லொறியை வன்னியில் வளர்ந்தோர் பலரும் அறிவர். நகரத்தார் இதனை அழகிய நினைவாகப் பேசுவதுண்டு. 1990 முதல் 2002 வரை நடைமுறையிலிருந்த பொருளாதாரத் தடையை வைத்து நோக்கினால் அவ்வழகு சற்று மங்கும். எரிபொருள், பற்றரி, சீமெந்து, செயற்கை உரம் முதலியன தடுக்கப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தன. சிறிதளவு மண்ணெண்ணெயையும் பஞ்சையும் கொண்டு எரிந்த ஜாம் போத்தல் விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஓய்ந்த பற்றரியை வெயிலிற் காயவைத்து மீண்டும் பயன்படுத்தினர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறியதன் பின், அவர்களுட் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்து சேர்ந்தபோது, உள்ளதைப் பங்கிட வேண்டியோர் தொகை மேலும் பெருகியது.

இந்நிலையில் கழிவு என்ற சொல்லே பொருளற்றதாகின்றது. வெற்றுப் போத்தல் விளக்காகும். வெற்று ரின் அளவையாகும். உரப்பை ஒரு வீட்டில் பாடசாலைப் பையாகும், மற்றொரு வீட்டில் மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அரணாகும். கிழிந்த ரயர் வாளிக்குப் பிடியாகும். பிள்ளை தன் லொறிக்கு ஒரு செருப்பைப் பெறவேண்டுமாயின், அது இனி எவருக்கும் எதற்கும் உதவாது என்று வீட்டார் முடிவுசெய்யும்வரை காத்திருக்க வேண்டும். பயன்பாட்டுத் தொடரின் கடைசிக் கண்ணி பிள்ளை. எறியப்பட்ட பொருளை மீட்டல் என்ற இன்றைய கருத்து, எறிவதற்கு ஏதேனும் உள்ள வீட்டையே முற்கோளாகக் கொள்கின்றது. ஆகவே ஜெயபுரத்துச் சிறுவரின் திறமையைப் பாராட்டுவோர் அத்திறமையை வளர்த்த தட்டுப்பாட்டையும் சேர்த்துப் பாராட்டிவிடாதிருத்தல் அவசியம்.

இரண்டாம் உலகப் போரின் பின் யுனெஸ்கோ 1948 இல் ஒரு சிறு நூலை வெளியிட்டது. போரினால் அழிந்த நாடுகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கான ஆலோசனைகள் என்பது அதன் பொருள், எழுதியவர் ஜே. பி. ஸ்ரீபன்சன். ஆய்வுகூடம் தகர்ந்த நாட்டிலே தகரப்பேணி, போத்தல், கம்பி கொண்டு கருவி செய்வது எவ்வாறு என அது காட்டியது. 1956 இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய யுனெஸ்கோவின் விஞ்ஞானக் கல்வி மூலநூல் அதிலிருந்தே வளர்ந்தது. மத்தியப் பிரதேசத்தில் 1972 இல் தொடங்கிய ஹோஷங்காபாத் விஞ்ஞானக் கல்வித் திட்டத்தின் தொடர்பிலே தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் கொண்டு வடிவியல் கற்பித்த அரவிந்த் குப்தாவும் இம்மரபினரே. சிக்கனக் கைவினை இன்று வசதி படைத்த நாடுகளின் பொழுதுபோக்காகத் தோன்றினும், அதன் கல்வியியல் வேர்களுள் ஒன்று போர் அழித்த மண்ணில் உள்ளது என்பது நம்மவர் அறியவேண்டியதொன்று.

2008 இன் பிற்பகுதியில் போர்முனை பூநகரி மேற்கை ஊடறுத்துச் சென்றபோது ஜெயபுரத்து மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். 2009 மேயில் போர் முடிந்தபின் முகாம்களில் அடைக்கப்பட்டு, பின்னர் கட்டங்கட்டமாக மீள்குடியேறினர். அவ்வேளை மண்ணில் மிகுந்து கிடந்த பொருள் உலோகம். பழைய இரும்பு பொறுக்கி விற்பது பலருக்குச் சீவனோபாயமாயிற்று. வெற்றுத் தோட்டாவும் வெடிக்காத எறிகணையும் பிள்ளையின் கண்ணுக்கு ஒரே தகரமே. கண்ணிவெடி அபாயக் கல்வியாளர் பாடசாலைதோறும் சென்று, கண்டதைத் தொடாதே என்று கற்பிக்க நேர்ந்தது. கண்டதை எடுத்து உருவாக்கு என்பது சிக்கனக் கைவினையின் முதல் விதி. அதே விதி உயிருக்கு ஆபத்தானதாக மாறிய மண் இது. கைவினை நூல்களை எழுதுவோர் இவ்வகைக் குப்பையை எண்ணிப் பார்ப்பதில்லை.

மீள்குடியேற்றத்தின் பின் முன்பள்ளிகள் பெருகின. அவற்றிடையே கைவினையும் பாடமாயிற்று. ஆனால் அதன் தன்மை மாறியுள்ளது. ஐஸ்கிறீம் குச்சி, பசை, வண்ணத்தாள், மினுமினுப்புத் துகள் ஆகியன கடையில் வாங்கப்படுகின்றன. ஐஸ்கிறீம் உண்ணாத வீட்டுப் பிள்ளைக்கு உண்டு எறிந்த குச்சி ஏது? ஆகையால் புதுக்குச்சிக் கட்டொன்றைப் பெற்றோர் காசு கொடுத்து வாங்கி, கழிவுப் பொருட் கைவினைக்கென்று அனுப்பிவைக்கும் விநோதம் நிகழ்கின்றது. கண்காட்சி மேசைக்கு அது அழகுதான். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் கடதாசியின்றி மேல் மாகாணத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நாட்டில், வண்ணத்தாளை நம்பிய பாடம் எத்துணை நிலைக்கும்?

கைவினையைக் கற்பிப்போரின் உழைப்பும் சிக்கனமாகவே கணிக்கப்படுகின்றது. வட மாகாணத்து முன்பள்ளி ஆசிரியைகள் பெற்றுவந்தது சம்பளமன்று, சொற்பமானதோர் உதவித்தொகை. போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகள் பலவற்றை ஏற்று, அங்குள்ள ஆசிரியைகளுக்குப் பன்மடங்கு ஊதியம் வழங்கியது. பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள ஒரு திணைக்களம் நாலு வயதுப் பிள்ளையின் கல்வியில் இடம்பெறுவது குறித்து எழுந்த விமரிசனம் நியாயமானது. அவ்வூதியத்தை ஏற்ற பெண்களைக் குறைகூறுவது நியாயமாகாது. கல்வித்துறை அவர்களுக்கு வாழ்வதற்கான கூலியைக் கொடுத்திருக்கவில்லை.

பனை அபிவிருத்திச் சபை 1978 இல் நிறுவப்பட்ட காலந்தொட்டு ஓலைக் கைப்பணிக்குப் பயிற்சியும் சந்தையும் தேடி வந்துள்ளது. அம்முயற்சியின் கவனம் விற்பனைக்குரிய பெட்டியிலும் கைப்பையிலும் குவிந்தது. காற்றாடிக்கும் கிலுகிலுப்பைக்கும் சந்தை இல்லை. ஓலை வார்ந்து பின்னத் தெரிந்த முதிய பெண்கள் பூநகரிப் பகுதியில் இன்னும் இருக்கின்றனர். அவர்களை வாரத்தில் ஒரு நாளேனும் முன்பள்ளிக்கு அழைத்து, அந்நாளுக்குரிய கூலியை மாகாணக் கல்வித்துறை கொடுப்பதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ வேண்டியதில்லை. கைவினைப் பொருள் வாங்கப் பெற்றோரிடம் அறவிடும் காசும் அதனால் மிச்சமாகும்.