கலெக்டர்னா யாரு?

ஜாவா எழுதுற மக்களுக்கு கார்பேஜ் கலெக்டரைத் தெரியும். எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவங்களுக்கு டிரான்சிஸ்டரோட மூணு கால்ல ஒண்ணு கலெக்டர். ஸ்டேஷன்ல டிக்கெட் கலெக்டர், மாநகராட்சியில பில் கலெக்டர், பழைய ஸ்டாம்பு, நாணயம் சேர்க்குறவரும் கலெக்டர்தான். ஆக, எதையாவது சேர்க்குறவர் இல்லேன்னா வசூல் பண்றவர்.

ஆனா மதுரையில ஆட்டோ ஏறி 'கலெக்டர் ஆபீஸ் போப்பா'ன்னு சொல்லிப்பாருங்க. எந்தக் கலெக்டர்னு யாரும் கேக்க மாட்டாங்க. 'பெரிய கலெக்டர்னு நெனப்பு'ன்னு வீட்டுல திட்டு வாங்கும்போதும் பில் கலெக்டர் ஞாபகம் வர்றதில்ல :-)

வசூல்காரர் எப்படி இவ்வளவு பெரிய ஆளானார்? அதுதான் இந்தப் பதிவு.

பதவி பொறந்தது வங்காளத்துல. 1772ல வாரன் ஹேஸ்டிங்ஸ் ஜில்லாவுக்கு ஒரு கலெக்டரைப் போட்டார். கம்பெனி ஒரு வியாபார நிறுவனம். அதுக்கு வேண்டியது நிலவரி, அதைத் தண்ட ஒரு ஆளு. பேரும் அதுக்குத் தக்க பேருதான், ஒளிவுமறைவே கிடையாது. 1801ல ஆற்காட்டு நவாப் தன் ராஜ்ஜியத்தைக் கம்பெனிகிட்ட ஒப்படைச்சதும், மதுரைச் சீமையோட வரி முழுசும் கம்பெனி கலெக்டர் கைக்கு வந்துச்சு.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். சென்னை மாகாணத்துல 1816ல ஒரு சட்டம் போட்டு, அதுவரை நீதிபதிகிட்ட இருந்த மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் போலீஸ் மேற்பார்வையையும் கலெக்டர்கிட்ட குடுத்தாங்க. இதுக்குப் பின்னாடி இருந்தவர் தாமஸ் மன்றோ. 1817ல கோயில் நிர்வாகத்தைக் கண்காணிக்கிற வேலையும் ரெவின்யூ போர்டு வழியா அவர்கிட்டயே வந்துச்சு. வரி கேக்குறதும் அவரே, தண்டனை குடுக்குறதும் அவரே, கோயில் கணக்கைப் பாக்குறதும் அவரே. வேலை மூணாச்சு, பேரு மட்டும் அதே வசூல்காரர்!

அந்த நேரத்துல மதுரையில கலெக்டரா இருந்தவர் ரவுஸ் பீட்டர் (1812 - 1828). சனங்க வச்ச பேரு பீட்டர் பாண்டியன். ஒரு மழை ராத்திரியில சின்னப் பொண்ணு ஒருத்தி வந்து எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போனாளாம், உடனே பங்களா இடி விழுந்து இடிஞ்சுதாம், வந்தவ மீனாட்சியேதானாம். இந்தக் கதை மதுரைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். கதையை நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா அவர் அம்மனுக்குக் குடுத்த தங்க அங்கவடி இன்னும் கோயில்ல இருக்கு. வெள்ளைக்கார வரி அதிகாரிக்கும் மீனாட்சிக்கும் என்ன சம்பந்தம்னா, அந்த 1817 சட்டமும் ஒரு பதில். கோயில் அவர் பொறுப்புல இருந்துச்சு.

அப்புறம் வந்தவர் பிளாக்பர்ன். கோட்டைச் சுவரை இடிச்சு அகழியை மூட முடிவு பண்ணினார். மூடுறவங்களுக்கே அந்த நிலம்னு சொன்னதும் வேலை நடந்துடுச்சு. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அப்படி வந்ததுதான். அந்த வேலையைப் பார்த்த சர்வேயர், மேற்பார்வையாளர் பேருதான் அந்த வீதிகளுக்கு. விளக்குத்தூணும் பிளாக்பர்ன் நினைவா வச்சதுதான். வரி வாங்குனவருக்கு ஊர் தூண் வச்சிருக்கு, பாத்துக்குங்க.

இதே நாற்காலிக்கு கர்நாடகாவுல டெபுடி கமிஷனர்னு பேரு, உத்தரப்பிரதேசத்துல டி.எம்., இலங்கையில அரசாங்க அதிபர். நமக்கு மாவட்ட ஆட்சியர்னு நல்ல தமிழ்ப் பேரு இருக்கு. போர்டுல அதுதான் இருக்கும், ஆனா கையில மனுவோட வர்ற ஆத்தாவுக்கு இன்னும் 'கலெக்டரய்யா'தான். பழைய வேலையோட எச்சம் ஜமாபந்தியில இருக்கு. வருஷா வருஷம் கிராமக் கணக்கைச் சரிபார்க்குற அந்தச் சடங்கு, ஜூலை 1ல தொடங்குற பசலி ஆண்டுக் கணக்குப்படி இன்னும் நடக்குது.

நேரடித் தமிழ்ல கலெக்டரைத் தண்டலர்னு சொல்லலாம். ஆனா இப்ப தண்டல்னா கடை கடையா வந்து தினமும் வட்டி வசூலிக்கிற ஆளுங்க. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. குறைதீர்க்கும் நாள். நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல, கந்துவட்டிக் கொடுமை தாங்காம ஒரு கூலித்தொழிலாளி மனைவியோடயும் ரெண்டு சின்னப் பெண் குழந்தைகளோடயும் தீ வச்சுக்கிட்டார். நாலு பேருமே செத்துட்டாங்க. ஏற்கெனவே பலதடவை மனு குடுத்துப் பாத்தவங்க.

வசூல்காரன்கிட்ட இருந்து காப்பாத்தச் சொல்லி, வசூல்காரர்னே பேரு உள்ளவர் வாசலுக்கு வந்திருக்காங்க. கம்பெனி அந்த வார்த்தைக்கு வச்ச அர்த்தம் வரி. நம்ம சனங்க வச்ச அர்த்தம், 'கேக்குறதுக்கு ஒருத்தர் இருக்கார்'ங்கிறது. எந்தச் சட்டப் புத்தகத்துலயும் இல்லாத இந்த ரெண்டாவது அர்த்தத்தை நம்பித்தான் திங்கக்கிழமை வரிசை நிக்குது. அந்த அர்த்தம் பொய்யாகாமப் பாத்துக்கிற வேலை நாற்காலியில இருக்கறவரோடது.

உங்க ஊர்லயும் பீட்டர் பாண்டியன் மாதிரி பேரு வாங்குன கலெக்டர் இருந்தா சொல்லுங்க மக்களே.