சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம், சுங்குவார்சத்திரம் (2024)

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் நடத்திய போராட்டம் இது. சி.ஐ.டி.யு. தொழிற்சங்கக் கூட்டமைப்பைச் சார்ந்த சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் இதை முன்னெடுத்தது. ஊதிய உயர்வும் எட்டு மணி நேர வேலையும் கேட்கப்பட்டன; சங்கத்தை நிர்வாகம் அங்கீகரிக்க வேண்டும் என்பதே தலையாய கோரிக்கை.

பின்னணி

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் சங்கம் வைக்கும் உரிமைக்காகவும் தொழிலாளர் நலனுக்காகவும் முன்பும் போராட்டங்கள் நடந்துள்ளன. 2018-இல் ஒரகடம் யமஹா ஆலையில் சங்கம் அமைக்க முனைந்த இருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்காக அவர்களின் தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர்.

2007-இல் தொடங்கிய சாம்சங் ஆலையில் குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் ஆகியவை தயாராகின்றன. ஏறத்தாழ 1,800 பேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். மாதம் சராசரியாக ரூ. 25,000 ஆக இருந்த ஊதியத்தை மூன்றாண்டுகளில் ரூ. 36,000 ஆக்கக் கோரினர்.

போராட்டத்தின் போக்கு

ஆலைக்கு அருகே முழக்கமிடுவதையும் பேசுவதையும் தடுக்கக் கோரி நிறுவனம் மாவட்ட நீதிமன்றத்தை நாடியது. செப்டம்பர் 16 அன்று காஞ்சிபுரத்தில் பேரணி செல்ல முயன்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காவல்துறை பிடித்துவைத்தது. அக்டோபர் 7 அன்று தொழிலாளரில் ஒரு பிரிவினருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. சங்கம் அதை ஏற்கவில்லை. அடுத்த இரு நாள்களில் போராட்டப் பந்தல் அகற்றப்பட்டது. அமைச்சர்கள் நடத்திய பேச்சுவார்த்தைக்குப் பின், பழிவாங்கும் நடவடிக்கை இராது என்ற உறுதியின்பேரில் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினர்.

சங்கப் பதிவு

அப்போது நடைமுறையிலிருந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி, ஓர் ஆலைத் தொழிலாளரில் 10 விழுக்காட்டினர் அல்லது 100 பேர், இவற்றில் குறைவான எண்ணிக்கையினர் உறுப்பினராக இருந்தால் சங்கத்தைப் பதிய முடிந்தது. சங்கப் பெயரில் ‘சாம்சங்’ இடம்பெறுவதை நிறுவனம் எதிர்த்ததால் பதிவு இழுபட்டது. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பின், 2025 ஜனவரி 27 அன்று சங்கம் அதே பெயரில் பதிவானது.

முக்கியத்துவம்

பதிவும் அங்கீகாரமும் வெவ்வேறு. பதிவான சங்கத்தோடு நிர்வாகம் பேசியே ஆக வேண்டும் என்று 1926-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இந்த இடைவெளியில்தான் இவ்வட்டாரத்தின் பல போராட்டங்கள் வெடித்தன. தனியாளாய் முறையிடுபவரை எளிதில் ஒதுக்கிவிடலாம். அங்கீகாரம் பெற்ற சங்கமாய்ப் பேசுவோருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த நிலையைக் கேட்டுப் பெறுவதற்காகவே இத்தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் ஊதியத்தை இழந்தனர்.